உளவுத்துறைக்குப் பணம்: ஒதுக்குகிறவருக்குக் கணக்குத் தெரிகிறதா?

கொள்ளிடக்கரையான் எழுதியது:

"அமெரிக்காவில் உளவு அமைப்புகளின் மூக்கணாங்கயிறு மக்கள் பிரதிநிதிகளின் கையில் இருக்கிறது; இந்தியாவில் அது யார் கையிலும் இல்லை." இந்த வாதத்தை இங்கே பல இழைகளில் படித்துவிட்டேன். இரண்டாம் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் பாதியைத்தான் சுரண்டிப் பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்க அரசமைப்பு தெளிவாகவே சொல்கிறது: சட்டமியற்றி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது, பொதுப்பணத்தின் வரவு செலவுக் கணக்கை அவ்வப்போது வெளியிட வேண்டும். ஆனால் 1949-இல் வந்த சி.ஐ.ஏ. சட்டம், மற்றத் துறைகளின் பெயரில் ஒதுக்கிய பணத்தை சி.ஐ.ஏ. மாற்றி வாங்கிக்கொள்ள வழி செய்தது. ரகசியச் செலவுக்கு ரசீது வேண்டாம், இயக்குநர் கையெழுத்திட்ட சான்று ஒன்றே போதும் என்றும் சொன்னது. இது அரசமைப்புக்கு எதிரானது என்று ரிச்சர்ட்சன் என்ற வரி செலுத்துபவர் வழக்குப் போட்டார். 1974-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்ன பதில், வரி செலுத்துபவர் என்ற தகுதியில் அவருக்கு வழக்குத் தொடர உரிமை இல்லை என்பதுதான். கணக்கை மறைக்கலாமா கூடாதா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை.

சரி, நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் என்ன செய்தது? 1956-இல் செனட்டர் லெவரெட் சால்டன்ஸ்டால் அவையில் எழுந்து பேசியதன் சாரம் இது: சி.ஐ.ஏ. அதிகாரிகள் எங்களிடம் சொல்லத் தயங்கவில்லை. சில விஷயங்களை அறிந்துகொள்ள நாங்கள்தான் தயங்குகிறோம். சி.ஐ.ஏ.வைக் கவனிக்க வேண்டிய துணைக்குழுவில் இருந்தவரே இதைச் சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டும் சொல்லவில்லை.

1974 டிசம்பரில் சி.ஐ.ஏ. உள்நாட்டில் அமெரிக்கர்களையே வேவு பார்த்ததை நியூயார்க் டைம்ஸில் சீமோர் ஹெர்ஷ் எழுதினார். அடுத்த ஆண்டு செனட்டில் ஃபிராங்க் சர்ச் தலைமையிலும் கீழவையில் ஓடிஸ் பைக் தலைமையிலும் விசாரணைக் குழுக்கள் அமைந்தன. 1976-இல் செனட்டிலும் 1977-இல் கீழவையிலும் நிரந்தர உளவுக் குழுக்கள் வந்தன. அதற்குப் பிறகு உண்மையில் என்ன மாறியது என்பதே என் கேள்வி.

தணிக்கைத்தாத்தா எழுதியது:

தம்பி, இயக்குநரின் சான்றிதழைக் கேட்டு ஆச்சரியப்படாதீர்கள். நம் நாட்டிலும் அரசுக் கணக்குகளில் "ரகசியச் சேவைச் செலவு" என்று ஒரு தலைப்பு வெகுகாலமாக இருக்கிறது. அதன் பற்றுச்சீட்டுகளைத் தணிக்கையாளர் கேட்க முடியாது. அரசு நியமித்த அதிகாரி ஒருவர் உள்ளுக்குள் பார்த்துவிட்டு, "பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது" என்று ஆண்டுக்கு ஒரு சான்று கொடுப்பார். தணிக்கை அதை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடிவிடும். ஒரு சாதாரண அலுவலகத்தில் பயணப்படியில் நூறு ரூபாய் கூடினால் மூன்று ஆட்சேபணைக் குறிப்பு எழுதிய கை இது. அந்தச் சான்றைப் பார்க்கும்போது மட்டும் பேனா தானாக மூடிக்கொள்ளும்.

அமெரிக்காவிலும் அவர்களுடைய தணிக்கை அலுவலகம் சி.ஐ.ஏ.வுக்குள் போய்ப் பார்க்க முயன்றது. உருப்படியாகப் பார்க்க விடவில்லை. 1960-களின் தொடக்கத்திலேயே அலுத்துப்போய்க் கைவிட்டுவிட்டார்கள்.

மதிவதனி எழுதியது:

கொள்ளிடக்கரையான் 1956-இலிருந்தே ஆரம்பித்தால் காங்கிரஸ் தோற்கத்தான் செய்யும். 1976-க்குப் பிறகு நடந்தவற்றைப் பார்ப்போம். நான் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறேன். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்பதே மரியாதைக் குறைவு.

முதலில் நடைமுறை. அங்கே பணம் இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டும். உளவுக் குழுக்கள் "இன்ன வேலைக்கு இவ்வளவு வரை செலவிடலாம்" என்று அங்கீகாரச் சட்டம் கொண்டுவரும். நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள் உண்மையான பணத்தைத் தரும். அதில் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் ஒதுக்கீட்டுக்குள் ஒளிந்திருக்கும். எந்த அமைப்புக்கு எவ்வளவு என்ற விவரம் ரகசியப் பின்னிணைப்பில் இருக்கும். எந்த உறுப்பினரும் பூட்டிய அறையில் உட்கார்ந்து அதைப் படிக்க வழி இருக்கிறது. குறிப்பு எடுத்து வெளியே கொண்டுபோக முடியாது.

இந்த ஏற்பாடு பல் இல்லாதது என்பவர்களுக்கு ஒரு கட்டடத்தின் கதை. வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஷான்டிலி என்ற ஊர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே பெரிய அலுவலக வளாகம் ஒன்று எழும்பியது. ராக்வெல் நிறுவனத்தின் கட்டடம் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் உளவுச் செயற்கைக்கோள்களை இயக்கும் தேசிய வேவு அலுவலகமான என்.ஆர்.ஓ.வின் தலைமையகம் அது. அப்படி ஒரு அமைப்பு இருப்பதையே அரசு 1992-இல்தான் ஒப்புக்கொண்டது. 1994 ஆகஸ்டில் செனட் உளவுக் குழு கொதித்தெழுந்தது. 30 கோடி டாலருக்கு மேல் விழுங்கும் கட்டடத்தின் முழுச் செலவை எங்களிடம் ஒரே இடத்தில் காட்டவே இல்லை, துண்டு துண்டாக வேறு செலவுகளுக்குள் கரைத்துவிட்டார்கள் என்று டிகான்சினி, ஜான் வார்னர் போன்ற செனட்டர்கள் வெளிப்படையாக விசாரணை வைத்தார்கள்.

கட்டடத்தோடு முடியவில்லை. நூல் பிடித்துப் போனபோது, செயற்கைக்கோள் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் வாங்கிச் செலவழிக்காமல் சேர்த்து வைத்த பணம் 100 கோடி டாலருக்கு மேல் தேங்கிக் கிடப்பது தெரிந்தது. செயற்கைக்கோள் செய்யப் பல ஆண்டுகள் ஆகும், அதனால் முன்கூட்டியே வாங்கி வைத்தோம் என்பது விளக்கம். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று சி.ஐ.ஏ. இயக்குநருக்கும் பாதுகாப்பு அமைச்சருக்குமே சரியாகத் தெரியவில்லை. 1996-இல் என்.ஆர்.ஓ.வின் இயக்குநரும் துணை இயக்குநரும் பதவி இழந்தார்கள். கேள்வி கேட்கக் குழு ஒன்று இருந்ததால்தானே இது வெளியே வந்தது?

கேள்விக்குறி எழுதியது:

மொத்தத் தொகையாவது பொதுமக்களுக்குத் தெரியுமா? அல்லது அதுவும் அந்தப் பூட்டிய அறையில்தானா?

மதிவதனி எழுதியது:

@கேள்விக்குறி: இப்போது தெரியும். 1997-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பின் ஸ்டீவன் ஆஃப்டர்குட் தகவல் உரிமை வழக்குப் போட்ட பிறகு முதல்முறையாக 2,660 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். மறு ஆண்டும் சொன்னார்கள். பிறகு கதவை மூடிக்கொண்டார்கள். 2001 தாக்குதல்களை விசாரித்த 11 செப்டம்பர் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2007-இல் வந்த சட்டம்தான் மொத்தத் தொகையை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு தேசிய உளவுத் திட்டத்துக்கு 4,350 கோடி டாலர். 2023-இல் அது 7,170 கோடி. ராணுவ உளவுக்குத் தனியாக 2,790 கோடி. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 10,000 கோடி டாலர்.

எந்த அமைப்புக்கு எவ்வளவு என்பதை மட்டும் அரசு சொன்னதில்லை. 2013-இல், தகவல் தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் என்.எஸ்.ஏ. அமைப்பின் ஒப்பந்தப் பணியாளர் ஸ்னோடன் எடுத்துவந்த ஆவணத்திலிருந்து வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டதுதான்: மொத்தம் 5,260 கோடி, அதில் சி.ஐ.ஏ.வுக்கு 1,470 கோடி, என்.எஸ்.ஏ.வுக்கு 1,080 கோடி.

கொள்ளிடக்கரையான் எழுதியது:

மதிவதனி அக்கா, கட்டடக் கதை அருமை. ஆனால் அதிலேயே என் வாதமும் இருக்கிறது. கட்டடம் என்பது கண்ணுக்குத் தெரியும்; அதன் கூரை எழும்பிய பிறகுதான் குழு விழித்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில் என்ன ஆனது?

2001-க்குப் பிறகு என்.எஸ்.ஏ. நீதிமன்ற ஆணை இல்லாமல் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது. இது சில உறுப்பினர்களுக்கு மட்டுமே தெரிவிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான செனட்டர் ஜே ராக்பெல்லர் 2003 ஜூலையில் துணை அதிபர் டிக் செனிக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நான் தொழில்நுட்ப நிபுணரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. என் உதவியாளரிடமோ சட்ட ஆலோசகரிடமோ பேசக்கூட எனக்கு அனுமதி இல்லாதபோது இதை எப்படி எடைபோடுவது என்று கேட்டார். ஒரு நகலை உறையிலிட்டு மூடித் தன்னிடம் வைத்துக்கொண்டார். கண்காணிப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உறைக்குள் கடிதம் வைக்க வேண்டிய நிலைக்குப் பெயர் கண்காணிப்பா?

அடுத்தது 2013 மார்ச். செனட்டர் ரான் வைடன் செனட் உளவுக் குழுவின் வெளிப்படையான விசாரணையில் தேசிய உளவு இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்.எஸ்.ஏ. ஏதேனும் தகவல் சேகரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் கிளாப்பர். தெரிந்தே செய்வதில்லை என்றார். பதில் உண்மையில்லை என்பது கேட்டவருக்கே தெரியும். ரகசிய விதி அவர் வாயைக் கட்டியிருந்தது. ஜூனில் ஸ்னோடன் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

பணத்தின் கதை இன்னும் மோசம். நீங்கள் சொன்ன அங்கீகாரச் சட்டம் 2000-களின் நடுவில் சில ஆண்டுகள் தொடர்ந்து நிறைவேறவே இல்லை. அமைப்புகள் மூடப்பட்டனவா? பாதுகாப்பு ஒதுக்கீட்டின் வழியாகப் பணம் வந்துகொண்டே இருந்தது. விவரம் தெரிந்த குழுவிடம் பணப்பை இல்லை. பணப்பை இருக்கும் குழுவுக்கு விவரம் பார்க்க நேரமில்லை. 11 செப்டம்பர் ஆணையம் 2004-இல் இந்தக் கண்காணிப்பு செயலிழந்து கிடக்கிறது என்றே எழுதியது. அங்கீகாரம், ஒதுக்கீடு இரண்டையும் ஒரே குழுவிடம் கொடுக்கவும் யோசனை சொன்னது. அதிபருக்குச் சொன்ன பரிந்துரைகளை மளமளவென்று சட்டமாக்கிய காங்கிரஸ், தனக்குச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர்கள் தங்கள் பிடியை விடுவார்களா என்ன!

தேவசகாயம் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். உளவு வேலையை ஊரைக் கூட்டிச் செய்ய முடியாது. அவைக் குழு என்றால் உறுப்பினர், உதவியாளர், தட்டச்சர் என்று இருபது காதுகள். பைக் குழுவின் அறிக்கையை வெளியிடக் கூடாது என்று கீழவையே வாக்கெடுத்துத் தீர்மானித்தது. அடுத்த மாதமே அது ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. சுற்றிலும் பகையோடு இருக்கும் இந்தியா இந்த ஆடம்பரத்துக்கு எங்கே போவது? முகவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

தணிக்கைத்தாத்தா எழுதியது:

தேவசகாயம் அவர்களே, கசியும் என்ற பயம் நியாயமானது. அதே காரணத்தைச் சொல்லித்தான் அமெரிக்காவில் 1980-இல் ரகசிய நடவடிக்கைகளை அறிவிக்க வேண்டிய குழுக்களை எட்டிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். மிக முக்கியமானவற்றை இரு அவைகளிலும் இரு கட்சிகளின் தலைவர்கள், இரு குழுக்களிலும் இரு கட்சிகளின் மூத்தவர்கள் என எட்டுப் பேருக்குச் சொன்னால் போதும் என்றும் வைத்தார்கள். காதுகள் குறைந்தன. நடந்தது என்ன?

நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்கு ஒரு காசும் போகக் கூடாது என்று காங்கிரஸ் 1984-இல் பணத்தை நிறுத்தியது. கீழவை உளவுக் குழுவின் முதல் தலைவர் எட்வர்ட் போலண்டின் பெயரால் வழங்கும் திருத்தம் அது. ரீகன் அரசின் ஆட்கள் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்த லாபத்தைக் கிளர்ச்சியாளர்களுக்கு அனுப்பினார்கள். சவூதியிடம் பணம் வாங்கினார்கள். புரூனே சுல்தானிடம் 1 கோடி டாலர் கேட்டு வாங்கினார்கள்; கொடுத்த சுவிஸ் வங்கிக் கணக்கு எண்ணில் இலக்கம் மாறிப்போனதால் அது சம்பந்தமே இல்லாத ஒருவர் கணக்கில் விழுந்தது. ஒரு கீழ்நிலை எழுத்தர் இப்படிச் செய்திருந்தால் பணியிடை நீக்கம்தான். அவை கொடுக்கும் பணத்தைத்தான் அவை நிறுத்த முடியும். வெளியிலிருந்து வரும் பணத்துக்குச் சட்டமும் தண்டனையும் தனியாக வேண்டும். அங்கே தண்டனை பெற்றவர்களில் சிலருக்கு மேல்முறையீட்டில் விடுதலை, சிலருக்கு அதிபரின் மன்னிப்பு.

கொலோன் ரமணி எழுதியது:

ஜெர்மனியில் வேறு விதமான வேடிக்கை. உளவு அமைப்புகளின் வரவு செலவை நாடாளுமன்ற நிதிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்த சிறு குழு மூடிய கதவுக்குள் பார்த்து ஒப்புதல் தரும். 1980-களில் பசுமைக் கட்சி முதல்முறையாக அவைக்குள் வந்தபோது அவர்களை அதில் சேர்க்கவில்லை. ரகசியம் காக்க மாட்டார்கள் என்ற சந்தேகம். அவர்கள் அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1986-இல் பெரும்பான்மை அப்படி ஒதுக்கலாம் என்றே தீர்ப்பு வந்தது. சில நீதிபதிகள் மாறுபட்டார்கள். 2022-இல் அதே பசுமைக் கட்சியின் கான்ஸ்டான்டின் ஃபான் நோட்ஸ் உளவுக் கண்காணிப்புக் குழுவின் தலைவரானார். இப்போது வெளியே நிற்பது தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.

யார் உள்ளே உட்காரலாம் என்பதைப் பெரும்பான்மையே முடிவு செய்தால், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பவர் உள்ளே வரவே மாட்டார். ஏ.எஃப்.டி. மேல் எனக்கு எந்த அன்பும் கிடையாது. என்றாலும் இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு நெருடல் உண்டு.

கரவெட்டியான் எழுதியது:

இலங்கையைப் பற்றியும் ஒரு சொல். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 250-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஏப்ரல் 4-ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. பாராளுமன்றத் தெரிவுக்குழு அமைத்து, ஊடகங்களுக்கு முன்னால் பகிரங்கமாகச் சாட்சியம் எடுத்தார்கள். புலனாய்வு அதிகாரிகள் போகக்கூடாது என்று ஜனாதிபதி சிறிசேன எதிர்த்தார். குழு விடவில்லை. அரச புலனாய்வுச் சேவையின் தலைவர் மீதே பெரிய பொறுப்பைச் சுமத்தி அறிக்கை கொடுத்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் (இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானது) சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்றது. புலனாய்வுத் தலைவருக்கு 7.5 கோடி.

ஆனால் இது ஆட்கள் செத்த பிறகு நடந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் வரவு செலவுத் திட்டம் வந்தபோதெல்லாம் அந்தச் சேவை என்ன செய்கிறது என்று எத்தனை பேர் எழும்பிக் கேட்டார்கள்? வடக்கில் எங்களை யார் பின்தொடர்ந்து விசாரிக்கிறார்கள் என்று கேட்கிற எம்.பி.மாருக்குக் கிடைத்த பதில் எங்களுக்குத் தெரியும்.

மதிவதனி எழுதியது:

கரவெட்டியான் சொன்னதைப் படித்ததும் 2014 நினைவுக்கு வருகிறது. சி.ஐ.ஏ. கைதிகளைச் சித்திரவதை செய்ததைப் பற்றி செனட் குழு விசாரித்தது. குழுவின் பணியாளர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து லட்சக்கணக்கான பக்கங்களைப் படித்து 6,700 பக்க அறிக்கை எழுதினார்கள். அவர்கள் வேலை செய்த கணினிகளுக்குள் சி.ஐ.ஏ. ஆட்களே நுழைந்து பார்த்தார்கள். தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன் அவையில் அதைப் போட்டு உடைத்தார். முதலில் மறுத்த இயக்குநர் பிரென்னன் பிறகு மன்னிப்புக் கேட்டார். டிசம்பரில் சுருக்கம் வெளியானது. முழு அறிக்கை இன்றும் ரகசியம்தான்.

கொள்ளிடக்கரையான் கேட்ட "என்ன மாறியது" என்ற கேள்விக்கு என் பதில் இது. அனுமதி பெற்ற, வேலை தெரிந்த, ஐந்தாறு வருடம் ஒரே விஷயத்தைத் தோண்டும் முழுநேரப் பணியாளர்கள் குழுவுக்குக் கிடைத்தார்கள். ராக்பெல்லருக்கு மறுக்கப்பட்டது அதுதான். பெரும்பாலும் உறுப்பினர் மாறுவார், தொகுதிக்குப் போவார், தேர்தலில் நிற்பார். கோப்பைப் படிப்பது பணியாளர்.

கொள்ளிடக்கரையான் எழுதியது:

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பணியாளர் படித்தால் போதாது, உறுப்பினருக்குச் சொல்லும் துணிவும் வேண்டும். 1971-இல் செனட்டர் மைக் கிராவல், வியட்நாம் போர் பற்றிய ரகசியக் கோப்புகளான பென்டகன் ஆவணங்களைத் துணைக்குழுக் கூட்டத்தில் உரக்கப் படித்து அவைப் பதிவில் ஏற்றினார். அவையில் பேசியதற்காக வெளியே யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற பாதுகாப்பு அவரைக் காத்தது. வைடனுக்கும் அதே பாதுகாப்பு இருந்தது. அவர் பயன்படுத்தவில்லை.

இந்தியாவுக்கு வருகிறேன். உள்நாட்டு உளவைப் பார்க்கும் ஐ.பி. 1887-இலிருந்து வருகிறது, வெளிநாட்டு உளவைப் பார்க்கும் ரா 1968-இலிருந்து. இரண்டுக்கும் அதிகாரங்களையும் எல்லைகளையும் வகுத்துச் சொல்லும் சட்டம் கிடையாது. 1985-இல் ஒரு சட்டம் வந்தது. அது இந்த அமைப்புகளின் ஊழியர்கள் சங்கம் வைக்கக் கூடாது, பத்திரிகையிடம் பேசக் கூடாது என்பதற்கு. 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்திலும் இவற்றின் பெயர் வருகிறது, விலக்கு அளிப்பதற்காக. 2010-இல் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி, ராவை உருவாக்கிய ஆர்.என்.காவ் நினைவுச் சொற்பொழிவிலேயே நாடாளுமன்றக் கண்காணிப்பு வேண்டும் என்றார். 2011-இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார், காலாவதியானது. இதே கோரிக்கையோடு வந்த பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2016-இல் தள்ளுபடி செய்தது.

தமிழர்களுக்கு இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. 1983-க்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சி கொடுக்கப்பட்டது. ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் ஆணையம்வரை அது பதிவாகியிருக்கிறது. அந்த முடிவை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இங்கே இருக்கிறோம். ஆனால் அதை மூடிய அறையிலாவது கேட்டுப் பார்க்க அவையில் ஒரு குழு இல்லை, இன்றைக்கும் இல்லை.

தேவசகாயம் எழுதியது:

அப்படி ஒரு குழு இருந்திருந்தால் 1987-இல் அமைதிப்படையை அனுப்பாமல் இருந்திருப்பார்களா? இருந்த குழுக்களும் ஈராக் போரைத் தடுக்கவில்லையே. இருந்தாலும் சான்றிதழ் விஷயத்தில் தணிக்கைத்தாத்தாவோடு ஒத்துப்போகிறேன். முகவரின் பெயர் வேண்டாம், எண்ணையாவது வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும்.

கேள்விக்குறி எழுதியது:

கடைசியாக ஒன்று. நம் பட்ஜெட்டில் இவற்றை நானே தேடிப் பார்க்க முடியுமா?

தணிக்கைத்தாத்தா எழுதியது:

முடியும். மத்திய பட்ஜெட் இணையதளத்தில் செலவு பட்ஜெட்டைத் திறந்து, உள்துறை அமைச்சகத்தின் கீழ் "காவல்துறை" மானியக் கோரிக்கைக்குப் போங்கள். ஐ.பி.க்கு ஒரு வரி இருக்கும். தொகை தெரியும், அவ்வளவுதான். பிறகு "அமைச்சரவை" என்ற கோரிக்கையில் தேசியப் பாதுகாப்புக் குழுச் செயலகத்தைப் பாருங்கள். 2016-17-இல் சுமார் 33 கோடியாக இருந்தது 2017-18-இல் சுமார் 333 கோடியாகத் தாவியதை, 2021-இல் பெகாசஸ் என்ற கைபேசி உளவு மென்பொருள் விவகாரம் வெடித்தபோதுதான் எதிர்க்கட்சிகள் உரக்கக் கேட்டன. அந்தப் பணம் அதற்குத்தான் போனது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இணையப் பாதுகாப்பு ஆராய்ச்சி என்பது அரசுத் தரப்பு. ஆனால் பத்து மடங்குத் தாவல் நான்கு ஆண்டுகள் யார் கண்ணையும் உறுத்தாமல் அச்சில் கிடந்தது. அதே பெகாசஸைப் பற்றி விசாரிக்கக் கூடிய தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடாததால் போதிய எண்ணிக்கையின்றிக் கலைந்தது.

ராவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்; அந்தப் பெயரில் வரி கிடையாது. கோரிக்கைகள் அவையில் எப்படி நிறைவேறுகின்றன என்று பார்க்க ஆசையிருந்தால் 2023 மார்ச் 23 மக்களவை நடவடிக்கையை எடுத்துப் படியுங்கள். சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட், அமளிக்கு நடுவே, விவாதம் இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்தது. கோப்பு பெரிதில்லை, ஒரு காப்பி குடிப்பதற்குள் படித்துவிடலாம்.